பொங்கல் விடுமுறையில் குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டும் வேலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரையாண்டு விடுமுறை தொடங்கிப் பொங்கல் முடியும்வரை, இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எதை வாங்குவது, எப்படிப் பிடிக்க வைப்பது, கோலப்பொடியைத் தொட விடலாமா, இடது கைப் பிள்ளையை என்ன செய்வது. கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை வைத்துப் பேசுவதால் மேலிருந்து படித்து வருவது நல்லது.

கலரிங் பண்றதுக்கும் விரல் பலத்துக்கும் என்ன சம்பந்தம்? அது சும்மா பொழுதுபோக்குதானே?

க்ரேயானைத் தாளில் இழுக்கும்போது பல வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. தோள் கையைத் தாங்குகிறது. மணிக்கட்டு சற்றே பின்பக்கம் மடங்கி நிலைத்து நிற்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் க்ரேயானை நகர்த்துகின்றன. மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கி அணை கொடுக்கின்றன. மற்றக் கை தாளைப் பிடித்துக்கொள்கிறது. சட்டைப் பொத்தான் போட, டிபன் பாக்ஸ் திறக்க, சோற்றைச் சிந்தாமல் எடுத்துச் சாப்பிட, பின்னால் பென்சிலால் எழுத வேண்டியதும் இந்தக் கூட்டுவேலைதான்.

இந்தக் கட்டுப்பாடு தோளில் தொடங்கி முழங்கை, மணிக்கட்டு வழியாகக் கடைசியில்தான் விரல் நுனிக்கு வருகிறது. அதனால் சின்னக் குழந்தை முழுக் கையையும் ஆட்டிக் கிறுக்குவது ஒழுங்கான முதல் படி. படம் அழகாக வந்ததா என்பதைவிடக் கை என்ன செய்தது என்று பாருங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் அந்தக் கண்ணோடு சொல்லப்பட்டவை.

என் பொண்ணுக்கு மூணு வயசு. முஷ்டி மூடித்தான் க்ரேயான் பிடிக்கிறா. மாத்திவிடணுமா?

மாற்ற வேண்டாம். ஒன்றரை வயதில் முஷ்டிப் பிடி. இரண்டு, மூன்று வயதில் எல்லா விரல்களும் க்ரேயானின் மேல் கீழ்நோக்கி நீண்டிருக்க, உள்ளங்கை தரையைப் பார்க்கும் பிடி. மூன்றரை, நான்கு வயதில் மூன்று அல்லது நான்கு விரல் பிடி வரும். ஆனால் விரல்கள் அசையாமல் மணிக்கட்டுதான் ஆடும். விரல்களே மடங்கி நிமிர்ந்து க்ரேயானை நகர்த்துவது நாலரை முதல் ஆறு வயதுக்குள் வருகிறது. ஒவ்வொரு நிலையிலும் சில மாதம் முன்பின் இருப்பது இயல்பு.

விரலைப் பிடித்துப் பிடித்துத் திருத்தினால் குழந்தை க்ரேயானையே வெறுத்துவிடும். பிடியை மாற்ற எளிய வழி, கையில் கொடுக்கும் பொருளை மாற்றுவது. அதை அடுத்த இரண்டு பதில்களில் சொல்கிறோம்.

க்ரேயான், ஆயில் பேஸ்டல், ஸ்கெட்ச் பேனா, கலர் பென்சில்... எதைத்தான் வாங்குறது?

இரண்டு வயது முதல் நான்கு வரை தடித்த மெழுகு க்ரேயான் போதும். எட்டு நிறத்துக்கு மேல் தேவையில்லை. மெழுகு தாளில் இழுபடும்போது ஒரு தடை இருக்கிறது. அந்தத் தடைதான் விரலுக்குப் பயிற்சி. ஆயில் பேஸ்டல் மெதுவானது, லேசாகத் தொட்டாலே நிறம் பிடிக்கும். கை பலவீனமான பிள்ளைக்கு ஊக்கம் தரும். ஆனால் கையிலும் சட்டையிலும் அப்பும்.

ஸ்கெட்ச் பேனாவில் தடையே கிடையாது. அழுத்தினால் முனை உள்ளே போய்விடும். அதில் நல்லது மூடியைக் கழற்றி மாட்டுவதுதான், இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலை. கலர் பென்சிலின் நிறம் தெரிய நல்ல அழுத்தம் வேண்டும், அதனால் நாலரை வயதுக்குப் பிறகு கொடுங்கள். முக்கோண உடல் உள்ளது கிடைத்தால் வாங்குங்கள், விரல் தானாக மூன்று பக்கத்தில் உட்காரும்.

தாளைப் பொறுத்தவரை, சாதாரண ஏ4 ஜெராக்ஸ் தாள் க்ரேயானுக்குச் சரி, தண்ணீர் வண்ணத்துக்குக் கிழியும். ஜனவரியில் கடைகளில் கொடுக்கும் மாதக் காலண்டரின் பழைய தாள்களை எடுத்து வையுங்கள். பளபளப்பான முன்பக்கத்தில் மெழுகு வழுக்கும். பின்பக்கம் பெரும்பாலும் நன்றாக நிறம் பிடிக்கும், அளவும் பெரியது.

உடைஞ்ச க்ரேயானைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாமா?

உடைந்ததுதான் நல்லது. மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளத் துண்டாகக் கொடுங்கள். அந்த அளவில் முஷ்டிக்கு இடமே இல்லை, விரல் நுனிகளால்தான் பிடிக்க முடியும். யாரும் திருத்தாமலே மூன்று விரல் பிடி வருவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. சிலேட்டும் துண்டுப் பல்பமும் செய்வது இதைத்தான். கூடவே சிலேட்டின் சொரசொரப்பும் சேர்ந்துகொள்கிறது.

சுற்றியிருக்கும் காகிதத்தைக் குழந்தையையே உரிக்கச் சொல்லுங்கள். நகமும் விரல் நுனியும் சேர்ந்து செய்யும் அருமையான வேலை அது. உரித்த துண்டைப் படுக்க வைத்துத் தேய்த்தால் அகலமாக நிறம் விழும். மாவிலையையோ அரச இலையையோ நரம்பு தெரியும் பக்கம் மேலாக வைத்து, மேலே மெல்லிய தாளைப் பரப்பி இப்படித் தேய்த்தால் நரம்பெல்லாம் எழுந்து வரும். இலை பச்சையாக, தட்டையாக இருக்க வேண்டும். காய்ந்து சுருண்டதை வைத்தால் தாள் கிழியும்.

ரெண்டு வயசுப் பையன் எல்லாத்தையும் வாயில போடுறான். நீங்க துண்டு குடுக்கச் சொல்றீங்களே?

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் துண்டு கூடாது. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கும் பொருளைச் சின்னக் குழந்தைக்கு ஆபத்தானது என்று ஒதுக்குகிறார்கள். உடைந்த க்ரேயான் அதற்குள் தாராளமாக அடங்கும். பெட்டியில் ‘நான்-டாக்ஸிக்’ என்று அச்சிட்டிருப்பது தின்றால் நஞ்சில்லை என்பதற்குத்தான். தொண்டையில் அடைக்காது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

இந்த வயதுக்கு வில்லை க்ரேயான் செய்துகொள்ளலாம். ஒரே நிறத்தில் ஏழெட்டுத் துண்டுகளைக் காகிதம் உரித்து, இனிச் சமையலுக்கு எடுக்காத பழைய டம்ளரில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் அந்த டம்ளரை நிறுத்திப் பெரியவர் உருக்க வேண்டும். நேரடித் தீயில் வைத்தால் மெழுகு புகைந்து பற்றிக்கொள்ளும். உருகியதும் ஒரு குச்சியால் நன்றாகக் கலக்கி, சின்னப் பேப்பர் கப்பில் 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி ஆறவிட்டுக் கப்பைக் கிழித்து எடுங்கள். கலக்காமல் ஊற்றினால் நிறம் அடியில் தங்கி, மேலே வெறும் மெழுகு நிற்கும். எழுதினால் ஒன்றும் விழாது. வில்லையின் குறுக்களவு 4 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அப்படியும் கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும், கடித்துத் துண்டாக்கினால் அந்த வில்லையை எடுத்துவிடுங்கள்.

மூன்று வயதுக்கு மேலும் பல்பம், சாக்பீஸ், மண், சுவர்ச் சுண்ணாம்பு என்று தேடித் தேடித் தின்னும் பிள்ளைக்கு இரத்தசோகை இருக்கலாம். திட்டிப் பயனில்லை, மருத்துவரிடம் காட்டி இரும்புச்சத்தைச் சோதியுங்கள்.

தரையில உட்கார்ந்து பண்ணலாமா, மேசை வாங்கணுமா?

தரையே போதும். சம்மணமிட்டு, முன்னால் ஒரு மணையோ சாய்வு டெஸ்க்கோ வைத்தால் நல்லது. கால்களை ‘டபிள்யூ’ போல இரண்டு பக்கமும் மடித்து உட்கார்ந்தால் இடுப்பைத் திருப்பிக் கையை உடம்பின் மறுபக்கம் கொண்டுபோக முடியாது; காலை நீட்டச் சொல்லுங்கள். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி வண்ணம் தீட்டுவது தோளுக்கு நல்ல பலம், ஐந்து நிமிடம் போதும். மேசை என்றால் பாதம் தரையில் அல்லது ஒரு முக்காலியில் படிய வேண்டும், மேசை விளிம்பு முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். கால் தொங்கிக்கொண்டிருந்தால் உடம்பு நிலையில்லாமல் ஆடும், கோடும் ஆடும்.

பலரும் விட்டுவிடும் இடம் சுவர். குழந்தையின் கண் உயரத்தில் சார்ட் தாளை நான்கு மூலையிலும் டேப்பால் ஒட்டி, நின்றபடி தீட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டு தானாகவே பின்பக்கம் மடங்கும், தோளும் வேலை செய்யும். மணிக்கட்டை உள்பக்கம் மடித்தே பிடிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய வைத்தியம் இது.

பொங்கலுக்கு என்ன படம் குடுக்கலாம்? நெட்டுல எடுத்த பிரிண்ட் எல்லாம் ரொம்ப நுணுக்கமா இருக்கு.

அந்தப் பிரிண்டுகளில் பெரும்பாலானவை எட்டு வயதுக்கானவை. பானை, கரும்பு, மாடு, சூரியன், மஞ்சள் கொத்து எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைத்திருப்பார்கள். மூன்று வயதுக்கு ஒரு தாளுக்கு ஒரு பொருள், தாள் முழுக்க. நான்கு வயதுக்கு நாலைந்து பகுதி உள்ள படம். ஐந்து வயதுக்குக் குழந்தையின் பாதி உள்ளங்கை அளவுள்ள கட்டங்கள். 2 சென்டிமீட்டர் கட்டங்கள் ஆறு வயதுக்குத்தான். தடித்த ஸ்கெட்ச் பேனாவால் நீங்களே வரைவது பிரிண்டைவிட நல்லது, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு பொருளும் கைக்கு வேறு வேறு வேலை தரும். சூரியனின் கதிர்களை நடுவிலிருந்து வெளியே இழுத்தால் எட்டுத் திசைக் கோடும் பழகும். அதில் சாய்கோடுதான் கடினம், அதை எதிர்பார்த்தே கொடுங்கள். பானை வளைவுக்கு, வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தீட்டுவதற்கு. பானையிலிருந்து பொங்கி வழியும் நுரை சின்னச் சின்ன அரை வட்டங்களுக்கு. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் அடிப்பதைப் பார்த்த பிள்ளைக்கு, பெரிதாக ஒரு மாட்டுத் தலை வரைந்து கொம்பை மட்டும் பட்டை பட்டையாகத் தீட்டக் கொடுங்கள். வளைந்துகொண்டே குறுகும் வடிவத்தில் நிறம் அடிக்க மணிக்கட்டு நன்றாகத் திரும்ப வேண்டியிருக்கும்.

இவற்றில் எங்கள் முதல் தேர்வு கரும்பு. நீளமான கரும்பைக் கணு கணுவாகப் பிரித்து வரைந்து, ஒரு கணுவுக்கு ஊதா, அடுத்ததற்குப் பச்சை என்று மாற்றி மாற்றித் தீட்டச் சொன்னால், ஒவ்வொரு கணுவிலும் கை நின்றாக வேண்டும். கையை ஓட்டுவது எளிது. நினைத்த இடத்தில் நிறுத்துவதுதான் பின்னால் எழுத்துக்கு உதவும் திறமை. தோகையை மேல்நோக்கி ஒரே இழுப்பில் இழுக்கலாம். மூன்று வயதுக்கு மூன்று கணு, ஐந்து வயதுக்கு எட்டுக் கணு என்று எண்ணிக்கையைக் கூட்டினால் போதும், படத்தை மாற்றத் தேவையில்லை.

கோட்டைத் தாண்டித் தாண்டிப் போறான். நாலு வயசாச்சே?

நான்கு வயதில் தாண்டுவது சகஜம். பெரிய வடிவத்துக்குள் பெரும்பாலும் நிற்பது ஐந்து வயதை ஒட்டித்தான் வரும். முதலில் மேலே சொன்ன அளவில் படம் இருக்கிறதா, தாள் நழுவுகிறதா என்று பாருங்கள். தாளை டேப்பால் ஒட்டினாலே பாதி சரியாகிவிடுவதுண்டு. ஆனால் ஒட்டியே வைத்திருந்தால் மற்றக் கை தாளைப் பிடிக்கப் பழகாது, அதனால் ஒரு படம் ஒட்டி, ஒரு படம் ஒட்டாமல்.

அடுத்து, எல்லைக்கோட்டைத் தொட்டு உணரும்படி ஆக்குங்கள். கோட்டின் மேல் ஃபெவிகாலை மெல்லிய வரியாக ஊற்றி இரவு முழுக்கக் காயவிட்டால் மேடாக ஒரு வரப்பு கிடைக்கும். க்ரேயான் அதில் இடித்து நிற்பதைக் கை உணரும். இரண்டு, மூன்று படத்துக்குப் பிறகு வெறும் தடித்த கோடு, அப்புறம் மெல்லிய கோடு.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

மூன்று வயதுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், ஐந்து வயதுக்குக் கால் மணி நேரம். ஒரு நாளில் இரண்டு தடவை வைக்கலாம். தோளைத் தூக்குவது, தலையைக் கையில் சாய்ப்பது, கையை உதறுவது எல்லாம் களைப்பின் அடையாளம். படம் பாதியில் இருந்தாலும் எடுத்து வைத்துவிடுங்கள், மறுநாள் தொடரட்டும்.

கோலப்பொடியைக் குழந்தை கையில குடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றாலும் பொடியைக் கிள்ளி, கட்டைவிரலை மெல்ல நகர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது க்ரேயான் தராத பயிற்சி. பிடிப்பதை எல்லாக் குழந்தையும் சீக்கிரம் கற்கும். அளந்து விடுவது தாமதமாகத்தான் வரும். அதனால்தான் முதலில் விரல் எல்லாம் ஒரேயடியாகத் திறந்து பொடி குவியலாக விழுகிறது. குந்தி உட்கார்ந்து நகர்வதால் இடுப்புக்கும் முதுகுக்கும் கூடவே வேலை.

வரிசை இப்படி இருக்கட்டும். மூன்று வயதில், சாக்பீஸால் நீங்கள் வரைந்த பெரிய பானைக்குள் பொடியைத் தூவுவது. நான்கில், நீங்கள் குறித்த இடத்தில் புள்ளி வைப்பது. ஒரு கிள்ளுக்கு ஒரு புள்ளி. ஐந்தில், மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி வைத்து நேர்கோட்டால் சேர்ப்பது. புள்ளியைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகும் சிக்குக் கோலம் ஆறு வயதுக்கு மேல், அதுவும் முதலில் சாக்பீஸால். சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து வரைந்தால் கோடு தடிப்பாக, பளிச்சென்று விழும், தூசியும் பறக்காது.

சற்றுக் கரகரப்பான கோலமாவு எளிதாக ஓடும். மிக நைசான அரிசி மாவு வியர்வைக் கையில் ஒட்டிக்கொண்டு விழாது. கையைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள். காற்றடிக்கும் நேரத்தில் வேண்டாம். கண்ணைக் கசக்குவதற்கு முன் கை கழுவும் பழக்கம் வேண்டும்.

கடையில விக்கிற கலர் பொடி பயமா இருக்கு. வீட்டுலயே பண்ண முடியுமா?

சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் சரி. கடைப் பொடியில் என்ன சாயம் கலந்திருக்கிறது என்பது பல பாக்கெட்டுகளில் எழுதியிருக்காது, மிக நைசாக இருப்பதால் மூக்கிலும் ஏறும். ஒரு டம்ளர் தூள் உப்பைத் தாளில் பரப்பி, கலர் சாக்பீஸை அதன் மேல் உள்ளங்கையால் மூன்று, நான்கு நிமிடம் உருட்டினால் உப்பில் நிறம் ஏறும். உருட்டுவது குழந்தையின் வேலை. மஞ்சள் நிறத்துக்கு அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் போதும். கையில் காயமோ சிரங்கோ இருந்தால் உப்பு எரியும். அப்போது உப்புக்குப் பதில் வெள்ளை ரவை எடுத்துக்கொள்ளுங்கள். ரவைக்கு எறும்பு வரும், அன்றே பெருக்கிவிட வேண்டும்.

வாசல் தெளித்த ஈரத்தில் உப்புக் கோலம் கரைந்துபோகும். காய்ந்த திண்ணையிலோ சார்ட் தாளிலோ போடுங்கள். பெருக்கிய உப்பைச் செடித் தொட்டியில் கொட்டாதீர்கள்.

பொடி கையில பட்டாலே அழறா. என்ன பண்றது?

கட்டாயப்படுத்த வேண்டாம். சில பிள்ளைகளுக்குப் பொடி, பசை, ஈரம் எல்லாம் கையில் பட்டால் தாங்காது. தக்காளி சாஸ் பாட்டில் போன்ற மென்மையான பாட்டிலில் உப்பை நிரப்பிக் கொடுத்து அழுத்திக் கொட்டச் சொல்லுங்கள். துணி கிளிப்பின் நுனியில் ஒரு துண்டுப் பஞ்சைக் கவ்வ வைத்து, அதை வண்ணத்தில் தொட்டுத் தாளில் ஒற்றலாம். கிளிப்பைத் திறக்க அழுத்துவது கிள்ளுப் பிடிக்கே நேரான பயிற்சி. காது குடையும் பஞ்சுக்குச்சியைப் பாதியாக வெட்டிக் கொடுத்தால் புள்ளிக் கோலத்தைத் தாளில் வைக்கலாம். பக்கத்தில் ஈரத்துணி ஒன்று எப்போதும் இருக்கட்டும். துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போகும்.

பாட்டி ஊருக்கு வந்துட்டோம். க்ரேயான், கலர் எதுவுமே எடுத்துட்டு வரல.

மெழுகுவர்த்தியும் மஞ்சள்தூளும் இருந்தால் போதும். காலண்டர் தாளின் பின்பக்கம் மெழுகுவர்த்தித் துண்டால் அழுத்திக் கோலம் போடச் சொல்லுங்கள். போடும்போது ஒன்றும் தெரியாது. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி, பஞ்சால் தாள் முழுக்கத் தடவினால் மெழுகு இருக்கும் இடம் வெள்ளையாக எழும். அழுத்தம் போதாத இடத்தில் கோடு தெரியாது. எங்கே அழுத்த வேண்டும் என்பதைக் குழந்தை அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். மஞ்சள் அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் கலக்கித் தொட வேண்டும்.

தாள் காய்ந்ததும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, பஞ்சுக்குச்சியால் மஞ்சளின் மேல் வரையச் சொல்லுங்கள். தொட்ட இடம் செங்காவி நிறமாக மாறும். எலுமிச்சைச் சாறு தொட்டால் திரும்ப மஞ்சள். வெற்றிலைச் சுண்ணாம்பும் இதைச் செய்யும், ஆனால் கண்ணில் பட்டால் புண்ணாக்கும். குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் அது இருக்கட்டும்.

காவிக்கட்டியை ஊறவைத்துத் தேங்காய் நாரால் திண்ணை ஓரத்தில் பட்டை அடிப்பது, வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிப் பூ அச்சு வைப்பது, தினசரி காலண்டர் தாளைக் கிழித்துத் துண்டுகளைப் பானைப் படத்தில் ஒட்டுவது எல்லாம் இதே கணக்குதான்.

அப்ப மஞ்சள் கறை? சுவத்துல க்ரேயான்?

மஞ்சள் பட்ட துணியைச் சோப்புப் போட்டதும் சிவப்பாகிவிட்டது என்று பதற வேண்டாம், மேலே சொன்ன சோடா வித்தையேதான் அது. அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் மஞ்சள் தானாக வெளுக்கும்; இரண்டு, மூன்று வெயில் பிடிக்கலாம். சுவரில் க்ரேயான் பட்டால் ஈரத்துணியில் சமையல் சோடாவைத் தொட்டு மெதுவாகத் தேய்க்கலாம். சுண்ணாம்புச் சுவரில் எதைத் தேய்த்தாலும் பூச்சே உரியும், அடுத்த வெள்ளையடிப்பு வரை விட்டுவிடுங்கள்.

தாள் கிழியற அளவுக்கு அழுத்துறான். தங்கச்சி அதுக்கு நேர் எதிர், பட்டும் படாம.

அழுத்துபவன் தன் கை எவ்வளவு விசை போடுகிறது என்பதை உணராமல் செய்கிறான். தாளுக்கு அடியில் மடித்த துண்டையோ பழைய செய்தித்தாள் கட்டையோ வையுங்கள். அழுத்தினால் ஓட்டை விழும், அவனே குறைத்துக்கொள்வான். ஒரே நிறத்தில் ‘லேசு, நடுத்தரம், கெட்டி’ என்று மூன்று கணு தீட்டும் கரும்பு இருவருக்குமே நல்லது.

லேசாகத் தீட்டும் பிள்ளைக்குத் தாளுக்கு அடியில், மரத்தைத் தேய்க்கப் பயன்படும் உப்புத்தாளை வையுங்கள். சொரசொரப்பு க்ரேயானைப் பிடித்து இழுக்கும், நிறமும் பொட்டுப் பொட்டாக எழும். தீட்டுவதற்கு முன் இரண்டு நிமிடம் சப்பாத்தி மாவு பிசைய விடுவதும் உதவும்.

இடது கையாலதான் வரையறான். சோத்தாங்கைக்கு மாத்துன்னு பாட்டி சொல்றாங்க.

மாற்றக் கூடாது. எந்தக் கை முன்னே வரும் என்பது மூளையின் அமைப்பைப் பொறுத்தது. மாற்ற முயன்றால் இரண்டு கையுமே தடுமாறும். சாப்பிடும் கை வீட்டு வழக்கம் என்றால் அதை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பது உங்கள் விருப்பம், ஆனால் வரையும் கையை அதில் சேர்க்காதீர்கள். பாட்டியிடம், கோலம் போடும்போது அவர் எதிரில் உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள். எதிரில் இருந்தால் அவர் வலது கை கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பேரனின் இடது கைக்கு நேராக இருக்கும்.

தாளின் மேல் விளிம்பு சற்று வலப்பக்கம் சாயட்டும், கை கோட்டுக்குக் கீழேயே இருக்கட்டும். பார்த்து வரைய வேண்டிய மாதிரிப் படம் வலப்பக்கம் இருந்தால்தான் கை அதை மறைக்காது. வலது கைப் பிள்ளைக்கு இவை எல்லாம் எதிர்ப்பக்கம்.

என் பொண்ணு ரெண்டு கையும் மாத்தி மாத்திப் பயன்படுத்துறா.

நான்கு வயதுவரை கவலையில்லை. பொருளை அவளுக்கு நேர் நடுவில் வையுங்கள், எந்தக் கை முதலில் நீளுகிறது என்று சில நாள் கவனியுங்கள். களைத்துப்போய் மாற்றுகிறாளா, தாளின் இடப்பக்கத்துக்கு இடது கை, வலப்பக்கத்துக்கு வலது கை என்று மாற்றுகிறாளா என்பதையும் பாருங்கள். இரண்டாவது என்றால், கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிப் போவது இன்னும் பழகவில்லை. சுவரில் ஒட்டிய நீளத் தாளில் அகலமான வானவில், நீண்ட கரும்பைப் படுக்கை வாட்டில் வரைந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தீட்டுவது, இரண்டும் அதற்கு நல்லவை.

பையனுக்குக் கலரிங்னாலே பிடிக்கல. தாளைக் கண்டாலே ஓடுறான்.

தாளைக் கொடுக்காதீர்கள். ஒரு டப்பா தண்ணீரும் பெயின்ட் பிரஷும் கொடுத்துச் சுவர், கேட், சைக்கிள் எல்லாவற்றுக்கும் ‘பெயின்ட்’ அடிக்கச் சொல்லுங்கள். போகிக்கு வீடே வெள்ளையடிக்கும் சமயம், சந்தோஷமாகச் செய்வான். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வேண்டியது கிடைத்துவிடும். விளையாட்டுக் காரின் சக்கரத்தை வண்ணத்தில் தோய்த்து ஓட்டலாம். ‘தப்பாப் பண்ணிட்டே’ என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத் தாளை விட்ட பிள்ளைகளும் உண்டு, அதையும் யோசியுங்கள்.

மொபைல்ல கலரிங் ஆப் இருக்கே, அது போதாதா?

போதாது. ஒரு விரலால் தொட்டால் கட்டம் முழுக்க நிறம் நிரம்பிவிடுகிறது; பிடி இல்லை, அழுத்தம் இல்லை, மற்றக் கைக்கு வேலை இல்லை. ஸ்டைலஸ் வைத்தாலும் கண்ணாடி வழுக்கும். நிறங்களின் பெயர் கற்க உதவலாம், கைக்கு உதவாது.

எல்.கே.ஜி. மிஸ் லீவுக்கு ‘அ’ பத்துப் பக்கம் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. கலரிங் பண்ணிட்டிருந்தா அது எப்ப?

நேர்க்கோடு இரண்டு வயதை ஒட்டியும், வட்டம் மூன்றிலும், கூட்டல் குறி நான்கை ஒட்டியும், சதுரம் அதற்குப் பிறகும், முக்கோணம் ஐந்தை ஒட்டியும் வரும். ‘அ’ எழுத்தில் சுழி, வளைவு, படுக்கைக்கோடு, செங்குத்துக்கோடு நான்கும் இருக்கின்றன. நான்கு வயதுக் கைக்கு அது பெரிய சுமை. ‘ட’, ‘ப’ இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை, அவற்றில் தொடங்குவது எளிது.

பத்துப் பக்கத்தையும் நிரப்பியே ஆக வேண்டுமென்றால் நாளுக்கு அரைப் பக்கம், அதற்கு முன் ஐந்து நிமிடம் கைக்குச் சூடேற்றும் வேலை. உப்பு பரப்பிய தட்டில் விரலால் ‘அ’, சுவரில் பெரிய ‘அ’வுக்குள் வண்ணம், பிறகு நோட்டு. வாரக்கணக்கில் வளைவே வரவில்லை என்றால் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பானைக்கும் நுரைக்கும் திரும்புங்கள், ஆசிரியரிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

எப்ப டாக்டர்கிட்ட காட்டணும்?

ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையைத் தொங்கவிடுவது, இரண்டு வயது தாண்டியும் கிறுக்கவே செய்யாதது, மூன்று வயதில் வரைந்து காட்டியும் வட்டம் வராதது, நான்கு வயது முடிந்தும் முஷ்டிப் பிடியே இருப்பது, வரையும்போது கை நடுங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். முன்பு செய்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்றால் விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கண் பார்வையையும் சோதியுங்கள். கோட்டைத் தாண்டுவதற்குச் சில நேரம் அதுவே காரணம்.

குழந்தை மருத்துவர் தேவைப்பட்டால், அன்றாடக் கைவேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்புவார். அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் இது இலவசம். அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டாலும் வழி சொல்வார்.

வீட்டுல மூணு பேர்: ரெண்டு, நாலு, ஆறு வயசு. ஆளுக்கொரு வேலை தனித்தனியா எப்படிக் குடுக்கிறது?

ஒரே கோலத்தைப் பிரித்துக் கொடுங்கள். ஆறு வயது சாக்பீஸால் சூரியனும் பானையும் கரும்பும் வரையட்டும், அதன் மேல் பொடியால் கோடு இழுக்கட்டும். நான்கு வயது ஓரத்தில் வரிசையாகப் புள்ளி வைக்கட்டும். நடுவில் நிரப்பும் கலர் உப்பு அவர்கள் இருவருக்கும் பொது. இரண்டு வயதுக்குப் பொடி வேண்டாம். தண்ணீரில் நனைத்த பிரஷால் சுற்றியுள்ள தரையில் பட்டை அடிக்கட்டும், கோலத்திலிருந்து நாலு அடி தள்ளி. இல்லாவிட்டால் அழிப்பதுதான் அவர் வேலையாக இருக்கும். மூத்தவர் இருவருக்கும் இரண்டு கிண்ணத்தில் தனித்தனியாகப் பொடி வைத்தால் சண்டை குறையும், கடைசியில் துடைப்பம் பிடிப்பது ஆறு வயதுக்காரர்.